குழாயைப் பார்க்கமுன் காலைப் பாருங்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார்: “ரீச்சர், மகள் தரம் 9 படிக்கிறாள். வானத்தைப் பற்றித்தான் இருபத்துநாலு மணித்தியாலமும் கதை. 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்லைனில் ‘525 மடங்கு’ என்று போட்டு ஒரு தொலைநோக்கி கிடக்கிறது. முக்காலி, ஐபீஸ் இரண்டு, பார்லோ ஒன்று, சூரியனைப் பார்க்கிற கண்ணாடி என்று எல்லாம் பெட்டிக்குள் வருகிறதாம். வாங்கலாமா? சனியின் வளையம் தெரியுமா? எங்கே வைத்துப் பார்ப்பது?”

தம்பி, வளையம் தெரியும். அதைக் காட்ட 525 மடங்கு தேவையில்லை, 40 மடங்கு போதும். அந்தப் பெட்டியை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், காசு கொடுத்து ஒருமுறை பட்டவள் நான்.

முதலில் அந்த 525 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள், அவளுடைய பாடம்தான். உருப்பெருக்கம் என்பது முன்னால் இருக்கிற பொருள்வில்லையின் குவியத்தூரத்தைக் கண் வைக்கிற பார்வைத்துண்டின், அதாவது ஐபீஸின், குவியத்தூரத்தால் வகுத்தால் வருவது. இந்த மாதிரிப் பெட்டிகளில் குழாயின் குவியத்தூரம் 700 மி.மீ., சின்ன ஐபீஸ் 4 மி.மீ. 700ஐ 4ஆல் வகுத்தால் 175. அதோடு பெருக்கத்தை மூன்று மடங்காக்குகிற பார்லோ வில்லை ஒன்றைச் செருகினால் 525. கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரு தொலைநோக்கி உருவத்தைத் தெளிவு கெடாமல் எவ்வளவு பெருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் உச்சம். 60 மி.மீ. வில்லைக்கு 120 மடங்கு, 70க்கு 140, 130க்கு 260. அதற்கு மேலே போனால் பால் கலந்த தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி ஒரு மங்கல் வட்டம்தான் மிஞ்சும். 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டது சுமார் 20 மடங்கு பெருக்குகிற ஒரு குழாயால். உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போகிற மிக மலிவான கண்ணாடிகூட அவருடையதை விடச் சுத்தமானது.

பெட்டியில் பெரிய எழுத்தில் மடங்கு போட்டிருந்தால் நான் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்வேன். விசயம் தெரிந்து செய்கிறவன் விட்டத்தையும் குவியத்தூரத்தையும்தான் முதலில் எழுதுவான்: 70/700, 130/650 என்று.

இனி என் கதை. பல வருசத்துக்கு முன், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், சீட்டுக் காசு கையில் விழுந்ததும் ஒரு தொலைநோக்கி எடுத்தேன். வில்லைக்குப் பதில் ஆடி வைத்தது, 114 மி.மீ. குழாயில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வினை இருந்தது காலில். பக்கத்தில் ஒரு இரும்புத் தண்டு நீட்டி, அதன் முனையில் எடைக்கல்லு தொங்குகிற ஸ்ரான்ட். படத்தில் பார்த்தால் ஏதோ வானிலை நிலையம் மாதிரிக் கம்பீரமாக இருக்கும், அதில்தான் மயங்கினேன். கல்லடிக் கடற்கரைக்குக் கொண்டுபோய் மணலில் ஊன்றினேன். ஒரு கால் மெதுவாக மணலுக்குள் இறங்கியது. அதை நிமிர்த்தினால் மற்றது இறங்கியது. ஒருவாறு நிறுத்தி, புத்தகத்தில் சொன்னபடி அச்சை வடக்கே சாய்க்கப் போனால், எடைக்கல்லுத் தண்டு முக்காலியின் காலில் “டக்” என்று இடித்து நின்றுவிட்டது. அதற்கு மேல் சாயமாட்டேன் என்றது. பிள்ளைகள் ஒன்பது பேர் மணலில் குந்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு வியாழனைக் கண்டது எவருமில்லை. பிறகு ஒரு வருசமளவும் அந்த ஸ்ரான்டில் எங்கள் வீட்டுக்காரர் சாரம் காயப்போட்டார். எடைக்கல்லுத் தண்டு அதற்கு நல்ல வசதி.

பிழை ஸ்ரான்டிலும் இல்லை, அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செய்தது. அந்த வகை ஸ்ரான்டின் ஒரு அச்சு வானத்தின் துருவத்தை நோக்க வேண்டும். அப்படி வைத்துவிட்டால் ஒரு திருகை மட்டும் சுற்றிக்கொண்டு நட்சத்திரத்தின் பின்னாலேயே போகலாம். துருவம் வானத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது நாம் நிற்கிற அகலக்கோட்டைப் பொறுத்தது. லண்டனில் அது 51 பாகை, நிமிர்ந்து பார்க்கலாம். மட்டக்களப்பு 7.7 பாகையில் இருக்கிறது. அச்சு ஏறக்குறையப் படுத்துவிட வேண்டும். மலிவான ஸ்ரான்ட் பல அவ்வளவு தாழ்வுக்கு இறங்காது, இறங்கினால் தண்டு காலில் முட்டும். சரி பார்க்கத் துருவ நட்சத்திரத்தைத் தேடினாலோ, அது அடிவானத்திலிருந்து நாலு விரல் உயரத்தில், தென்னை ஓலைக்கும் கடல் மூட்டத்துக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். ஆகவே எடைக்கல்லு தொங்குகிற எதையும் நம் பக்கத்தில் புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். சும்மா தந்தாலும் யோசியுங்கள்.

அப்போ எது? மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புகிற எளிய ஸ்ரான்ட். அதில் இரண்டு வகை. ஒன்று சாதாரண முக்காலி, கமராக்காரர் வைத்திருப்பது போல. மற்றது பீரங்கி வண்டி மாதிரி ஒரு மரப்பெட்டி. குழாய் அதில் உட்கார்ந்து ஆடும், பெட்டி தரையில் சுழலும். இதற்கு டொப்சோனியன் என்று பேர். ஜோன் டொப்சன் என்கிற மனிதரின் பேரால் வந்தது. அவர் யார் தெரியுமா? 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண சங்கத்து வேதாந்த மடத்தில் சேர்ந்த துறவி. கையில் காசில்லாமல், கப்பல் யன்னலின் பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, கடதாசிக் குழாயில் பூட்டி, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சனியைக் காட்டினார். மடத்து வேலையை விட்டுவிட்டுத் தொலைநோக்கியோடு திரிகிறார் என்று 1967இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். 2014இல் காலமாகும்வரை தெருவில்தான் காட்டிக்கொண்டிருந்தார். கல்லடி உப்போடையில் இராமகிருஷ்ண மிஷனையும் விபுலானந்த அடிகளின் சமாதியையும் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த மனிசன் நினைவுக்கு வருவார். அதே சங்கத்தின் இன்னொரு மடத்தில் இருந்துகொண்டுதான் உலகத்திலேயே மலிவான, ஆடாத ஸ்ரான்டைக் கண்டுபிடித்தார்.

இப்போது கடையில் கிடைக்கிற சின்ன டொப்சோனியன்கள் மேசையில் வைப்பவை. முழங்கால் உயரம்கூட வராது. “பிளாஸ்ரிக் கதிரையில் வைக்கலாமா?” என்று கேட்பார்கள். வைத்தால் மூச்சு விட்டாலும் சனி குதிக்கும். எங்கள் வீட்டில் நான் பாவிப்பது அம்மாவின் பழைய உரல். கவிழ்த்து வைத்து மேலே ஒரு பலகை. அதை அசைக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும், அப்படியென்றால் காற்றால் முடியுமா? உரல் இல்லாத வீட்டில் கிணற்றுக்கட்டு, சீமெந்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, இல்லாவிட்டால் ஓடாவியாரிடம் சொல்லி மூன்று கால் வைத்த கனத்த ஸ்ரூல் ஒன்று. மூன்று கால் என்று அழுத்திச் சொல்லுங்கள், நாலு கால் முற்றத்தில் ஒருபோதும் சமமாக நிற்காது.

விலை டொலரோடு ஏறி இறங்கும் சாமான், அதனால் நான் ரூபாய் சொல்லவில்லை, மலிவிலிருந்து மேலே வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் காசு எதில் நிற்கிறதோ அதில் நில்லுங்கள்.

அடிமட்டத்தில் நல்லது ஒரு 10x50 பைனாகுலர். சிரிக்காதீர்கள். 10 மடங்கு, 50 மி.மீ. வில்லை, இரண்டு கண்ணாலும் பார்க்கலாம். வியாழனின் நிலாக்கள், சந்திரனின் பள்ளங்கள், கார்த்திகைக் கூட்டம், பால்வீதியின் மணல் மணலான வெள்ளிகள் எல்லாம் வரும். சனியின் வளையம் வராது, அதுதான் குறை. மகளுக்கு வானம் அலுத்துப் போனாலும் பறவை பார்க்கலாம், கிரிக்கெட் பார்க்கலாம். இதே விலைக்கு 50/360 என்று ஒரு குட்டித் தொலைநோக்கி, சாண் உயர முக்காலியோடு கிடைக்கும். அது விளையாட்டுச் சாமான்.

அடுத்தது 70/700 வில்லைத் தொலைநோக்கி. சந்திரன், வியாழன், சனி மூன்றுக்கும் கச்சிதம், பராமரிப்பு குறைவு, குழாய் மூடியிருப்பதால் தூசும் உப்பும் உள்ளே போவது கொஞ்சம்தான். இதிலும் முக்காலிதான் பலவீனம். கால்களை முழுக்க நீட்டாமல், கதிரையில் இருந்து பார்க்கிற உயரத்தில் வையுங்கள். நடுவில் ஒரு சீமெந்துப் பையில் மண் நிரப்பிக் கட்டித் தொங்கவிடுங்கள். குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பார்த்தால் உருவம் இரண்டு மூன்று செக்கனில் அடங்க வேண்டும். பத்து எண்ணும்வரை ஆடினால் அந்த முக்காலி ஆகாது.

அதற்கு மேலே, காசு எட்டுமென்றால், 130/650 மேசை டொப்சோனியன். ஸ்கை-வாட்சர் ஹெரிட்டேஜ் 130பி இந்த வகையில் உலகமெங்கும் பேர்போனது. 130 மி.மீ. ஆடி, 70 மி.மீ. வில்லையை விட மூன்றரை மடங்கு வெளிச்சம் சேர்க்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரை இருட்டில் அந்த வித்தியாசம் கண்ணை விரிய வைக்கும். 76/300, 114/450 என்று இதன் தம்பிமாரும் உண்டு. 76ஐச் சந்திரனுக்கும் நட்சத்திரக் கூட்டங்களுக்கும் மட்டும் எடுக்கலாம், கோள்களில் மங்கிவிடும். ஒரேயொரு பொறியைக் கவனியுங்கள்: ஆடி வைத்த குழாயில் குவியத்தூரம் 1000 என்று எழுதியிருக்கும், குழாயின் நீளமோ அரை மீற்றர்தான் இருக்கும். உள்ளே ஒரு வில்லையைப் பூட்டி நீட்டிய வேலை அது. மலிவானதில் உருவம் ஒருநாளும் கூர்மையாகாது, ஆடியைச் சரிக்கட்டுவதும் தலையிடி.

எதை எடுத்தாலும் ஐபீஸின் குழல் விட்டம் 31.7 மி.மீ. ஆக, அதாவது ஒன்றேகால் அங்குலமாக இருக்கிறதா என்று அடிமட்டம் வைத்துப் பாருங்கள். 24.5 மி.மீ. என்றால் பழைய மலிவு வகை, பிறகு நல்ல ஐபீஸ் வாங்கினாலும் பொருந்தாது. ஐபீஸில் எச் 20, எஸ்ஆர் 4 என்று எழுதியிருந்தால் அவை சும்மா பெட்டியை நிரப்ப வைத்தவை. எஸ்ஆர் 4இன் துவாரம் ஊசிக்காது மாதிரி. அதற்குள் எதையும் பிடிக்க முடியாமல் பிள்ளை அழுதுவிடும். 25 மி.மீ. ஒன்றும் 10 மி.மீ. ஒன்றும் இருந்தால் ஒரு வருசத்துக்குப் போதும். 70/700இல் அவை 28 மடங்கும் 70 மடங்கும் தரும்.

சாமான் வந்து சேர்ந்த அன்றே இரவில் கொண்டு ஓடாதீர்கள். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தோற்றுப் போகிறார்கள். பெரிய குழாயின் முதுகில் ஒரு சின்னத் தேடுகுழாய் இருக்கும், அல்லது சிவப்புப் புள்ளி காட்டுகிற ஒன்று. அது பார்க்கிற இடமும் பெரிய குழாய் பார்க்கிற இடமும் ஒன்றாக இருந்தால்தான் வானத்தில் எதையும் பிடிக்கலாம். இதைப் பகலில் சரிக்கட்ட வேண்டும். தரம் 8 பிள்ளையொன்று எங்கள் விறாந்தையில் செய்ததைச் சொல்கிறேன். 25 மி.மீ. ஐபீஸைப் போட்டு, வாவிக்கு அந்தப் பக்கம் தெரிகிற போன் ரவரைத் தேடினாள். ஐந்து நிமிசம் வெறும் வானம், பிறகு தென்னை ஓலை, பிறகு “ரீச்சர், ரவர் தலைகீழாத் தொங்குது!” என்று ஒரு கத்தல். அது அப்படித்தான், வானத்துக்கு மேலேது கீழேது என்றேன். ரவரின் உச்சியில் இருக்கிற சிவப்பு லைட்டை நடுவுக்குக் கொண்டுவந்தாள். பெரிய குழாயைத் தொடாமல், தேடுகுழாயின் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியும் இறுக்கியும் அதே லைட்டைச் சின்னக் குறுக்குக் கோட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தாள். பிறகு 10 மி.மீ. ஐபீஸைப் போட்டு இன்னொருமுறை. அரை மணித்தியாலம் பிடித்தது. அன்றிரவு அவள் வியாழனைப் பிடிக்க எடுத்தது பத்துச் செக்கன்.

ரவர், பனை, பாலமீன்மடு வெளிச்சவீடு, எதுவானாலும் ஒரு கிலோமீற்றருக்குக் குறையாத தூரத்தில் இருக்கட்டும். சூரியன் நிற்கிற பக்கமாக மட்டும் திருப்பவே வேண்டாம்.

சூரியனைப் பற்றி வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் வருகிற அந்தக் கறுப்புக் கண்ணாடி, ஐபீஸின் அடியில் திருகுகிற சின்னது, அதை எடுத்து இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். பிள்ளை அதைக் காணவே கூடாது. வில்லை சேர்த்த சூட்டெல்லாம் குவிகிற இடத்தில்தான் அது இருக்கிறது. சூடேறி வெடித்தால், கண்ணை எடுக்க நேரம் இருக்காது, பார்வை திரும்பி வராது. 2019 டிசம்பர் 26 கிரகணம் வடக்கில் கங்கணமாகவும் நமக்குப் பகுதிக் கிரகணமாகவும் தெரிந்தபோது, எங்கள் முற்றத்தில் வெள்ளைக் கடதாசியில் ஊசித்துளை வழியாக விழுந்த பிறையைத்தான் பார்த்தோம். சூரியனுக்கென்று செய்த வடிகட்டி குழாயின் முன்வாயை முழுக்க மூட வேண்டும். அது இல்லாவிட்டால் சூரியன் இல்லை, பேச்சு முடிந்தது.

முதல் இரவுக்குச் சந்திரன். போயா லீவு நாளில் எல்லாரும் கூடியிருக்கும்போது காட்டலாம் என்று நினைப்பீர்கள். பூரணை நாள்தான் சந்திரனைப் பார்க்க மிக மோசமான நாள். வெளிச்சம் நேரே விழுவதால் நிழல் கிடையாது, வெள்ளைத் தட்டு மாதிரி இருக்கும், கண்ணும் கூசும். வளர்பிறைச் சதுர்த்தியிலிருந்து தசமி வரை பாருங்கள். இருளும் ஒளியும் சந்திக்கிற விளிம்பில் பள்ளங்களின் நிழல் நீண்டு கிடக்கும். நவமியளவில் கோப்பர்நிக்கஸ் என்ற பள்ளம் விளிம்புக்கு வரும். அதன் அகலம் 93 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில்வரை காகம் பறக்கிற தூரம், ஒரே குழியாக. அதைச் சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பார்க்க விடுங்கள்.

சனி எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று முதலே சொல்லிவைத்தால் ஏமாற்றம் இல்லை. இணையத்தில் இருக்கிற படங்கள் விண்கலங்கள் பக்கத்தில் போய் எடுத்தவை. உங்கள் 28 மடங்கில் சனி, கையை நீட்டிப் பிடித்த ஓர் உளுந்தளவு. 70 மடங்கில் ஒரு கொண்டைக்கடலையளவு. ஆனால் அந்தக் கடலைக்கு வளையம் இருக்கும், உயிரோடு இருக்கும். 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நம்மை நேரே பார்த்ததால் அது ஒரு கோடு போல் மெலிந்து போனது. அதிலிருந்து மெதுவாக விரிகிறது, வருசத்துக்கு வருசம் நன்றாகும். வியாழனில் இரண்டு பட்டியும் பக்கத்தில் நாலு நிலாவும். அவற்றை ஒரு கொப்பியில் புள்ளி வைத்து வரையச் சொல்லுங்கள், அடுத்த நாள் இடம் மாறியிருக்கும். வெள்ளி, பிறைபோலத் தேய்ந்து வளரும். செவ்வாய் பெரும்பாலான மாதங்களில் ஒரு செம்மஞ்சள் பொட்டு, அவ்வளவுதான். நெபுலா என்கிற வாயு முகில்களிலும் நிறம் எதிர்பார்க்க வேண்டாம், நம் கண்ணுக்கு அவை சாம்பல் புகைதான்.

கண்டதும் காணாமல் போகிறது என்பார்கள். பூமி சுழல்வதால் வானம் நாலு நிமிசத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. 70 மடங்கில் சனி இரண்டு மூன்று நிமிசத்தில் பார்வையை விட்டு வெளியே போய்விடும். பெரியவர் பிடித்துக் கொடுத்து, பிள்ளை வந்து குனிவதற்குள் போய்விட்டால் பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை. கோள் நுழைகிற ஓரத்தில் வைத்துவிட்டு விலகுங்கள், நகர்ந்து நடுவுக்கு வரும். இன்னொன்று: நமது அகலக்கோட்டில் கோள்கள் உச்சியை ஒட்டியே போகும், உச்ச நேரத்தில் ஏறக்குறைய 60 பாகைக்குக் கீழே நிற்பதில்லை. காற்றுப்படலம் அங்கே மெல்லியதாக இருப்பதால் உருவம் தெளிவு, வடக்கே இருக்கிறவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் நட்டநடு உச்சியில் எளிய ஸ்ரான்ட் எதுவும் தடுமாறும், 70/700இன் பின்பக்கம் முக்காலியில் இடிக்கும். ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ பாருங்கள்.

எங்கே என்று கேட்டீர்கள். நம் ஊர்க்காரருக்குத் திசை சொல்லத் தேவையில்லை, எழுவான்கரை, படுவான்கரை என்று ஊரின் பேரிலேயே இருக்கிறது. நீங்கள் எழுவான்கரையில். கிழக்கே கடல், இருட்டு, மீன்பிடி வள்ளங்களின் லைட் மட்டும். உதிப்பதைப் பார்க்க இதை விட நல்ல இடம் கிடையாது. தெற்கே கல்முனைப் பக்கத்து வெளிச்சம் வானத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கும். சந்திரனுக்கும் கோள்களுக்கும் எந்த வெளிச்சமும் தடையில்லை, வீட்டு முற்றமே போதும். தெருலைட்டை மறைக்க வேலியில் ஒரு சீலையைக் கட்டுங்கள். பகல் முழுக்கச் சூடேறிய தகரக் கூரைக்கு மேலாகப் பார்க்காதீர்கள், உருவம் கொதிக்கிற சோறு மாதிரிக் குமுறும். கடற்கரைக்குப் போனால் காலுக்குக் கீழே மூன்று ஓட்டுத் துண்டு.

மங்கலான நட்சத்திரக் கூட்டங்களுக்குத்தான் படுவான்கரை. குருமண்வெளியில் பாதை, அதாவது வாவியைக் கடக்கிற மிதவை, ஏறி மண்டூர்ப் பக்கம் போனால் வயல்வெளிக்கு மேலே பால்வீதி தெரியும். ஆனால் ராவில் வயலுக்குள் தனியாக இறங்க வேண்டாம், யானை வருகிற பூமி. உறவினர் வீட்டு முற்றம், கோயில் வீதி, ஆளிருக்கிற இடமாகப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிசம் வேண்டும். நடுவில் ஒருவர் போனை எடுத்து வெளிச்சம் அடித்தால் திரும்ப முதலிலிருந்து. ரோச்சின் வாயில் சிவப்புக் கடதாசி கட்டிக்கொள்ளுங்கள்.

மாதம் என்று பார்த்தால் கார்த்திகை, மார்கழி மழையில் குழாய் பெட்டிக்குள் இருக்கட்டும். மாசி, பங்குனியில் வானம் திறக்கும். அப்போது தலைக்கு மேலே மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும், அதன் கீழே தொங்குகிற புகைமூட்டம் ஓரியன் நெபுலா. தெற்கே பளிச்சென்று அகத்திய நட்சத்திரம். ஜூனுக்குப் பிறகு கச்சான் காற்று. மலையிறங்கி வருகிற அந்த வெக்கைக் காற்று வானத்தைத் துடைத்து வைக்கும், முக்காலியையும் போட்டு உலுப்பும். உரல் வைத்திருக்கிறவருக்குக் கவலையில்லை.

ஆனால் மே மாதத்தைத் தவறவிடாதீர்கள். நடு மே, இரவு 9 மணி, தெற்கே 22 பாகை உயரத்தில் தெற்குச் சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் அடி நட்சத்திரம் அக்ரக்ஸைப் பெரிதாக்கினால் இரண்டாகப் பிரியும். ஒரு மணித்தியாலம் கழித்து அதற்கு இடப்பக்கம் மேலே ஒமேகா சென்ரோரி, லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே உருண்டையாக. லண்டனில் இருந்து இது ஒருபோதும் தெரியாது. அதே நேரம் திரும்பி வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம். வால் பக்கத்து நடு நட்சத்திரம் வசிட்டர், ஒட்டினாற்போல் அருந்ததி. நம்மில் முக்கால்வாசிப் பேர் அம்மி மிதித்து, பகல் வானத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தவர்கள்தானே. 28 மடங்கில் பார்த்தால் அருந்ததி தள்ளி நிற்க, வசிட்டரே இரண்டு நட்சத்திரமாகப் பிரிந்துவிடுவார். என் மனுசன் அதைப் பார்த்துவிட்டு “அப்ப ஐயர் காட்டினது எத?” என்றார்.

பத்திரமாக வைப்பது பற்றிக் கொஞ்சம். நமக்கு எதிரி உப்பும் பூஞ்சணமும். கடற்கரைக்குக் கொண்டு போனால் காற்று கரைப்பக்கம் அடிக்காத இரவில் போங்கள், வீடு வந்ததும் வெளிக்குழாயை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். வில்லையையும் ஆடியையும் சாரத்து நுனியால் துடைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். தூசு இருந்தால் காற்றுக்குமிழால் ஊதிவிட்டு விட்டுவிட வேண்டும், கொஞ்சத் தூசு உருவத்தைக் கெடுக்காது, கீறல் கெடுக்கும். பனி படிந்திருந்தால் மூடியைப் போடமுன் விசிறிக்குக் கீழே காயவையுங்கள். ஐபீஸ்களை இறுக மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு.

கடைசியாக, பழையது வாங்கலாமா என்றால், தாராளமாக. கொழும்பிலிருந்து யாராவது பாவித்த 70/700ஐ விற்றால் புதிய 525ஐ விட எனக்கு அதுதான் விருப்பம். வாங்கமுன் பகலில் முன்வாயில் ரோச் அடித்து உள்ளே பாருங்கள். தூசு பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரிக் கிளைவிட்ட வெள்ளை நூல் வில்லைக்குள் தெரிந்தால் அது பூஞ்சணம், விட்டுவிடுங்கள். ஆடி என்றால் ஓரத்தில் கறுப்புப் பொட்டு, கொப்புளம் இருக்கிறதா பாருங்கள். குவியத் திருகைச் சுற்றினால் குழல் தொளதொளக்காமல் போய்வர வேண்டும். பிறகு விரலால் ஒரு தட்டு, மூன்று எண்ணுங்கள்.